கருந்துளைக்குள் போனது திரும்புமா?

1970களின் தொடக்கம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜான் வீலர் தன் ஆய்வு மாணவர் ஜேக்கப் பெக்கன்ஸ்டைனிடம் தான் செய்யும் ஒரு குற்றத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். சூடான தேநீரையும் குளிர்ந்த தேநீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். அண்டத்தின் ஒழுங்கின்மை, அதாவது என்ட்ரோபி, அந்த அளவுக்குக் கூடிவிட்டது. அதைத் திருப்பிக் குறைக்க வழியில்லை. ஊழிக்காலம் வரை அந்தக் குற்றத்தின் தடயம் இருக்கும். ஆனால் அந்தப் பக்கமாக ஒரு கருந்துளை வந்தால்? இரண்டு கோப்பைகளையும் அதற்குள் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்துவிடலாமே, அப்புறம் தடயம் ஏது என்று கேட்டார் வீலர்.

பெக்கன்ஸ்டைனால் அதைச் சிரித்துக் கடந்துவிட முடியவில்லை. யோசித்துவிட்டுத் திரும்பி வந்து அவர் சொன்ன பதிலின் சாரம் இது: தடயம் அழியவில்லை, கருந்துளையின் கணக்கில் ஏறியிருக்கிறது. கருந்துளைக்கும் என்ட்ரோபி உண்டு. அதைச் சுற்றியுள்ள நிகழ்வெல்லையின், அதாவது தாண்டினால் திரும்ப முடியாத எல்லையின், பரப்பு எவ்வளவோ அவ்வளவு என்ட்ரோபி. எதையாவது உள்ளே போட்டால் பரப்பு கூடும், என்ட்ரோபியும் கூடும். 1972இல் அவர் இதை எழுதியபோது நம்பியவர்கள் மிகக் குறைவு. கடுமையாக மறுத்தவர்களில் ஒருவர் ஸ்டீவன் ஹாக்கிங்.

போட்டதைத் திருப்பி எடுக்கலாமா என்ற கேள்வி அந்தத் தேநீரில் இருந்து கிளம்பி ஐம்பது ஆண்டுகளாக ஓடுகிறது. உண்மையில் அது மூன்று கேள்வி. தகவல் அழிகிறதா? அழியவில்லையென்றால் எந்த வழியாக வெளியே வருகிறது? வந்ததை யாராவது படித்தறிய முடியுமா? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ‘கருந்துளைப் புதிர் தீர்ந்தது’ என்று செய்தித்தாளில் தலைப்பு வருகிறது. அப்போதெல்லாம், தீர்ந்தது இந்த மூன்றில் எது என்று பார்த்துவிட்டு மகிழ்வது நல்லது.

வீலர் அப்படிக் கேட்டதில் நியாயம் இருந்தது. 1930இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பல் ஏறிய 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் எடையைத் தானே தாங்கிக்கொள்வதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று பயணத்தின்போதே கணக்கிட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு என்பது அந்த வரம்பு. அதை வெகுவாகத் தாண்டிய விண்மீன் குலைந்து குலைந்து கடைசியில் கருந்துளையாகலாம் என்பது பிற்பாடு தெளிவானது. அப்படிக் குலைந்த பிறகு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மிஞ்சுபவை மூன்று எண்கள்: நிறை, சுழற்சி, மின்னூட்டம். எந்த விண்மீன் விழுந்தது, அதில் இரும்பு எவ்வளவு, ஹைட்ரஜன் எவ்வளவு, ஒன்றும் தெரியாது. ‘கருந்துளைக்கு முடி கிடையாது’ என்று வீலர் இதை வேடிக்கையாகச் சொல்வார். பெங்களூரில் பிறந்த சி. வி. விஸ்வேஷ்வரா 1970இல் கணக்கிட்டுக் காட்டியபடி, கருந்துளையை உலுக்கினால் சற்று நேரம் அதிர்ந்து அலைகளை வெளியிட்டுவிட்டுச் சட்டென்று அடங்கிவிடும். மறுபடியும் அதே மூன்று எண்கள்.

சந்திரசேகர் தன் எழுபதுகளில் கருந்துளைகளின் கணிதத்தைப் பற்றி ஒரு பெரும் நூல் எழுதினார். அது வெளிவந்த 1983இல்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அண்டத்தில் இருக்கும் பெரிய பொருள்களிலேயே குறையற்றவை இவைதான், வெளியும் காலமும் மட்டுமே இவற்றின் மூலப்பொருள் என்பது அந்நூலின் தொடக்கத்தில் அவர் தெரிவிக்கும் வியப்பு. அவர் வியந்த அந்த எளிமையில்தான் வில்லங்கமும் இருந்தது. கோடானுகோடித் துகள்களின் வரலாறு மூன்று எண்களாகச் சுருங்கினால் மீதி எங்கே?

‘உள்ளே இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்’ என்று சொல்லிக் காலம் தள்ளியிருக்கலாம். கருந்துளை என்றென்றும் இருக்கும் வரை அது போதுமான பதில். அந்த வசதியை ஒழித்தவர் ஹாக்கிங்.

என்ட்ரோபி இருந்தால் வெப்பநிலை இருக்க வேண்டும். வெப்பநிலை இருந்தால் கதிர்வீச்சு இருக்க வேண்டும். கருந்துளையிலிருந்து எதுவும் வெளியே வராது. ஆகவே பெக்கன்ஸ்டைன் சொல்வது தவறு. இதுதான் ஹாக்கிங்கின் வாதம். 1973 செப்டம்பரில் அவர் மாஸ்கோ போனபோது, சுழலும் கருந்துளைகள் துகள்களை வெளியிடும் என்று சோவியத் இயற்பியலாளர்கள் செல்தோவிச்சும் ஸ்டாரபின்ஸ்கியும் சொன்னார்கள். அவர்கள் கணக்கிட்ட முறை ஹாக்கிங்குக்குப் பிடிக்கவில்லை. ஊர் திரும்பித் தன் வழியில் போட்டுப் பார்த்தார். சுழலாத கருந்துளையும் கதிர்வீசுகிறது என்று வந்தது. பிழை எங்கே என்று தேடினார். கிடைக்கவில்லை. போதாக்குறைக்கு, வந்த வெப்பநிலை பெக்கன்ஸ்டைனின் கணக்கோடு கச்சிதமாகப் பொருந்தியது. 1974 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் அந்த முடிவு வெளியானது.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். சூரியனின் நிறையுள்ள ஒரு கருந்துளை என்று வைத்துக்கொண்டால், நிகழ்வெல்லையின் ஆரம் 3 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பரப்பு சுமார் 110 சதுர கிலோமீட்டர். அதன் வெப்பநிலை ஒரு கெல்வினில் 1.6 கோடியில் ஒரு பங்கு. விண்வெளி எங்கும் நிறைந்திருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சோ 2.7 கெல்வின். எனவே இன்றைக்கு அந்தக் கருந்துளை கொடுப்பதைவிட வாங்குவதே அதிகம். அண்டம் இன்னும் விரிந்து போதிய அளவு குளிர்ந்த பிறகே அது இளைக்கத் தொடங்கும். முழுதாக ஆவியாகித் தீர ஆகும் ஆண்டுகள், 1-க்குப் பின் 67 சுழியங்கள். அண்டத்தின் இப்போதைய வயது 1,380 கோடி ஆண்டு. 1-க்குப் பின் பத்துச் சுழியம்தான். என்ட்ரோபிதான் இன்னும் மலைக்கவைப்பது. 110 சதுர கிலோமீட்டரை மிக நுண்ணிய அலகான பிளாங்க் நீளத்தின் வர்க்கத்தால் வகுத்து, அதில் நான்கில் ஒரு பங்கை எடுத்தால் 1-க்குப் பின் 77 சுழியங்கள். இன்றிருக்கும் சூரியனின் என்ட்ரோபிக்கு ஏறத்தாழ 58 சுழியங்கள் போதும். வெளியே மூன்று எண்களைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு, உள்ளே எண்ணிலடங்கா விதமாக அமைந்திருக்க இடம் உண்டு என்கிறது அந்தக் கணக்கு.

இந்தக் கதிர்வீச்சு எப்படி உண்டாகிறது? துகளும் எதிர்த்துகளும் ஜோடியாகத் தோன்றி, ஒன்று உள்ளே விழ மற்றது தப்பிப் போவதாகப் பல நூல்களில் படம் போட்டிருப்பார்கள். ஹாக்கிங்கே அப்படி விளக்கியதுண்டு. அதை எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டாம். அந்தக் கதிர்களின் அலைநீளம் கருந்துளையின் அளவுக்கு இருக்கும். விளிம்பில் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து அவை கிளம்புவதாகச் சொல்வதற்கில்லை. ஆனாலும் படத்தில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி சரியானது: வெளியே போகும் ஒவ்வொன்றும் உள்ளே இருக்கும் ஒன்றோடு பின்னியிருக்கிறது.

இந்தக் குவாண்டம் பின்னலில்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. பின்னியிருக்கும் இரண்டு துகள்களில் ஒன்றை மட்டும் அளந்தால் விடை முற்றிலும் தற்செயல். மேலா கீழா என்று நாணயம் சுண்டியது போல் வரும். இரண்டையும் சேர்த்து அளந்தால் எந்தத் தற்செயலும் இல்லை. ஒன்று மேலென்றால் மற்றது கீழ் என்பது உறுதி. ஆக, தகவல் இரண்டில் எதிலும் தனியாக இல்லை, சேர்க்கையில் இருக்கிறது. கருந்துளை கதிர்வீசிக்கொண்டே இருக்கும்போது, வெளியே தற்செயலாகத் தோன்றும் துகள்கள் குவிகின்றன; அவற்றின் கூட்டாளிகள் உள்ளே இருக்கின்றன. கடைசியில் கருந்துளையே ஆவியாகிவிட்டால் உள்ளே என்று ஓர் இடமே இல்லை. வெளியே இருப்பவை எதனோடு பின்னியிருக்கின்றன? எதனோடும் இல்லை. வெறும் தற்செயல்தான் மிச்சம். சூரியனைப் போட்டாலும் அதே எடைக்குக் கலைக்களஞ்சியங்களைப் போட்டாலும் கடைசியில் வெளியே வருவது ஒரே வெதுவெதுப்பு.

1976இல் ஹாக்கிங் இதைத் தயங்காமல் எழுதினார்: இயற்கையில் தகவல் அழிகிறது.

ஏன் இதற்கு இத்தனை பதற்றம்? ஒரு கடிதத்தை எரித்துவிட்டால் அதுவும்தான் போய்விட்டது என்று தோன்றும். இயற்பியலின்படி அது போகவில்லை. புகையின் ஒவ்வொரு மூலக்கூறும் எங்கே எந்த வேகத்தில் போனது, சாம்பல் எப்படி விழுந்தது, தீயின் ஒளி எந்தெந்தப் பக்கம் பாய்ந்தது என்று எல்லாவற்றையும் துல்லியமாகப் பதிவு செய்ய முடிந்தால் கடிதத்தை வரிவரியாக மீட்கலாம். எவராலும் செய்ய முடியாது என்பது வேறு விஷயம். விதிகள் தடுக்கவில்லை என்பதுதான் முக்கியம். குவாண்டம் இயற்பியலில் இன்றைய நிலை முழுதாகத் தெரிந்தால் நாளையதையும் கணக்கிடலாம், நேற்றையதையும் கணக்கிடலாம். ஹாக்கிங் சொன்னது சரியென்றால், கருந்துளை விஷயத்தில் விதிகளே தடுக்கின்றன. இரண்டு வெவ்வேறு நேற்றுகள் ஒரே இன்றில் போய் முடிகின்றன.

பொதுச் சார்பியல்காரர்கள் பலர் இதை ஏற்றுக்கொண்டார்கள். துகள் இயற்பியல்காரர்களுக்குத்தான் தொண்டையில் சிக்கியது. 1980களின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறு கூட்டத்தில் ஹாக்கிங்கின் வாதத்தைக் கேட்ட லியனார்ட் சஸ்கின்டும் ஜெரார்ட் ட்டு ஹூஃப்ட்டும், எங்கோ தப்பிருக்கிறது என்ற உறுத்தலோடும் எங்கே என்று சொல்லத் தெரியாமலும் வெளியே வந்தார்கள். அந்த உறுத்தலிலேயே சஸ்கின்டின் பல ஆண்டுகள் ஓடின.

தப்பு ஹாக்கிங்கின் கணக்கில் எங்கே ஒளிந்திருக்க முடியும்? இயல்பாகக் கை நீளும் இடம், குவாண்டம் ஈர்ப்பு. அது நமக்கு இன்னும் தெரியாது. எனவே அதில்தான் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஆனால் ஹாக்கிங்கின் கணக்குக்கு அது தேவைப்படவே இல்லை. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவே இருக்கும், 2019இல் படம் வெளியிடப்பட்ட கருந்துளைக்குச் சூரியனைப் போல் சுமார் 650 கோடி மடங்கு நிறை. அவ்வளவு பெரிய ஒன்றின் நிகழ்வெல்லையில் வெளியின் வளைவு மிக மிக மென்மையானது. அதைத் தாண்டி விழுபவர் உடம்பில் ஒரு இழுப்பைக்கூட உணரமாட்டார். நடுவே உள்ள ஒருமைப்புள்ளிக்கு அருகே பொதுச் சார்பியல் உடையலாம், உடையட்டும். கதிர்வீச்சு உண்டாவது அங்கே இல்லையே. நமக்கு நன்றாகத் தெரிந்த விதிகள் நன்றாகவே பொருந்த வேண்டிய இடத்தில்தான் அது உண்டாகிறது. இந்தப் புதிர் வெறும் அறியாமையாகக் கரைந்துபோகாமல் முரணாக நிற்பதற்குக் காரணம் இது.

ஆவியாதலின் கடைசியில், ஒரு கிராமில் லட்சத்தில் சில பங்கு எடையுள்ள மிச்சம் ஒன்று தங்கி, எல்லாத் தகவலையும் அதுவே வைத்துக்கொள்ளும் என்றும் சிலர் சொன்னார்கள். அவ்வளவு சிறிய பொருளுக்கு எண்ணிறந்த வகைகள் இருக்க வேண்டியிருக்கும். அப்படியிருந்தால் சாதாரணத் துகள் மோதல்களிலேயே அவை கொட்ட வேண்டுமே என்ற மறுப்பு எழ, அந்த யோசனை ஓரங்கட்டப்பட்டது.

உருப்படியான திருப்பம் ஹாக்கிங்கின் பழைய மாணவரும் உடன் பணியாற்றியவருமான டான் பேஜிடமிருந்து வந்தது. 1993இல் அவர் கேட்டது எளிமையான கேள்வி. கருந்துளை மற்றப் பொருள்களைப் போலவே தகவலைக் காப்பாற்றினால், கதிர்வீச்சின் என்ட்ரோபி நாளடைவில் எப்படி மாற வேண்டும்? முதலில் ஏறும், அதுவரை ஹாக்கிங்கின் கணக்கேதான். ஆனால் வெளியே குவிந்த கதிர்கள் உள்ளே மிஞ்சியிருக்கும் இடத்தோடுதானே பின்னியிருக்க முடியும்? கருந்துளை சுருங்கச் சுருங்க அந்த இடம் குறைகிறது. ஒரு கட்டத்துக்கு மேல் என்ட்ரோபி ஏற வழியில்லை, இறங்கியாக வேண்டும். கருந்துளை முடியும்போது அது சுழியமாக வேண்டும். இந்த ஏறி இறங்கும் வரைபடத்துக்குப் பேஜ் வளைவு என்று பெயர். இறக்கம் தொடங்குவது ஆயுளில் பாதியைச் சற்றே தாண்டியதும்.

இதிலிருந்து ஒரு விசித்திரமான முடிவு வருகிறது. முதல் பாதியில் வெளியே வந்த கதிர்களை ஒன்றுவிடாமல் சேகரித்து ஆராய்ந்தாலும் உள்ளே விழுந்ததைப் பற்றி ஒன்றுமே தெரியாது. தகவல் அனைத்தும் பின் பாதியில், அதுவும் முன் பாதியோடு சேர்த்துப் படித்தால்தான் வெளிப்படும். ஹாக்கிங்கின் வளைவு கடைசி வரை ஏறிக்கொண்டே போகிறது. பேஜின் வளைவு திரும்பி இறங்குகிறது. யார் சரி என்பது, அந்தத் திருப்பத்தைக் கணக்கிலிருந்து வரவழைக்க முடியுமா என்ற கேள்வியாகச் சுருங்கியது. அதற்கு இன்னும் 26 ஆண்டுகள் ஆயின.

நடுவில் பந்தயம். 1997 பிப்ரவரி 6ஆம் தேதி கலிஃபோர்னியாவின் பாசடீனாவில் ஹாக்கிங்கும் கிப் தார்னும் ஒரு பக்கம், ஜான் பிரெஸ்கில் மறுபக்கமாகக் கையெழுத்திட்டார்கள். தகவல் அழியும் என்பது முன்னவர்கள் கட்சி. தோற்றவர் ஜெயித்தவருக்கு அவர் விரும்பும் கலைக்களஞ்சியம் ஒன்றை வாங்கித்தர வேண்டும். அதிலிருந்து தகவலை வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் அல்லவா! அதே ஆண்டின் இறுதியில் யுவான் மால்டசேனா எழுதிய கட்டுரை காற்றின் திசையை மாற்றியது. ஒரு குறிப்பிட்ட விதமாக வளைந்த அண்டத்துக்குள் ஈர்ப்பின் ஆட்டங்கள் எல்லாம், அதன் எல்லைப்பரப்பில் ஈர்ப்பே இல்லாத ஒரு சாதாரணக் குவாண்டம் கோட்பாட்டுக்குச் சமம் என்றார் அவர். எல்லைப்பரப்பில் தகவல் அழிய விதி இடம்தராது. எனவே உள்ளே கருந்துளை உண்டாகி ஆவியானாலும் அழியாது. நாம் வாழும், விரைந்து விரியும் அண்டம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை என்பது இதில் உள்ள பெரிய ஓட்டை. இருந்தும் பலருக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

2004 ஜூலையில் டப்ளின் மாநாட்டில் ஹாக்கிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிரெஸ்கில் கேட்டது பேஸ்பால் கலைக்களஞ்சியம். கிரிக்கெட் கலைக்களஞ்சியம் தருகிறேன், அதுதானே மேலான ஆட்டம் என்று ஹாக்கிங் பேரம் பேசிப் பார்த்தும் அவர் மசியவில்லை. புத்தகம் வரவழைக்கப்பட்டு மேடையிலேயே கைமாறியது. தார்ன் அன்று ஒப்புக்கொள்ளவில்லை. ஜெயித்த பிரெஸ்கில்லோ, ஹாக்கிங்கின் உரை தனக்கு விளங்கவில்லை என்று அங்கேயே சொன்னார். விரிவான கணக்கை எதிர்பார்த்தவர்களுக்கு மறு ஆண்டு கிடைத்தது மிகச் சுருக்கமான ஒரு கட்டுரை. சாம்பலைக் கொடுத்திருக்க வேண்டும் என்று ஹாக்கிங் பின்னாளில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் மூன்றாவது கேள்விக்கான பதிலும் இருந்தது என்பேன்.

அந்த மூன்றாவது கேள்வியைக் கையில் எடுத்தவர்கள் பாட்ரிக் ஹேடனும் பிரெஸ்கில்லும். 2007இல் அவர்கள் போட்ட கணக்கு இது. பாதி ஆயுளைத் தாண்டிய ஒரு கருந்துளை. அதிலிருந்து அதுவரை வந்த கதிர்கள் முழுவதும் ஒருவரிடம் பத்திரமாக இருக்கின்றன. இப்போது ஒருவர் தன் நாட்குறிப்பை உள்ளே எறிகிறார். எறிந்தது எப்போது திரும்பும்? கருந்துளையின் ஆயுள் முடியும் வரை காத்திருக்க வேண்டும் என்று நினைப்போம். தேவையில்லை. நாட்குறிப்பில் எத்தனை குவாண்டம் பிட்டுகளோ அவற்றைவிடச் சில கூடுதலாகக் கதிர்வீச்சில் வந்தால் போதும், சேகரிப்போடு சேர்த்து மீட்டுவிடலாம். விழுந்தது கருந்துளையெங்கும் கலந்து பரவும் நேரம் மட்டுமே தடை. சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு அது சில மில்லி விநாடி! முதிர்ந்த கருந்துளை விழுங்கியதை உடனே கக்கிவிடுகிறது.

இப்படிப் படித்தால் உற்சாகமாகத்தான் இருக்கும். 2013இல் டேனியல் ஹார்லோவும் அதே ஹேடனும் இன்னொன்றைக் கணக்கிட்டார்கள். அந்தக் கதிர்களை ஒரு குவாண்டம் கணினியில் ஏற்றித் தகவலைப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? கணினியியலில் பரவலாக நம்பப்படும் சில அனுமானங்கள் சரியென்றால், அது என்ட்ரோபியை அடுக்காக வைத்துப் பெருகும். அந்த எண்ணில் உள்ள சுழியங்களின் எண்ணிக்கையை எழுதவே 77 இலக்கம் வேண்டும். கருந்துளையின் முழு ஆயுளுக்கு 67 சுழியம் போதும் என்பதை நினைவில் வையுங்கள். முதல் எழுத்தைப் படிப்பதற்குள் கருந்துளையே இருக்காது. விதிகள் அனுமதிக்கின்றன, அண்டம் அவகாசம் தரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் இதன் குட்டிப் பதிப்பு ஒன்று நடந்திருக்கிறது. 2019இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் பொறியில் பிடித்து நிறுத்திய ஏழு அயனிகளை வைத்து, ஒரு குவாண்டம் பிட்டை மற்றவற்றோடு நன்றாகக் கலக்கிவிட்டு, ஹேடன்-பிரெஸ்கில் வழியில் மறுமுனையில் மீட்டார்கள். ஏழு அயனிகளுக்குப் பிரித்தெடுக்கும் செய்முறையைக் கையாலேயே எழுதிவிடலாம். அங்கே ஈர்ப்புக்கு வேலையே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கலக்கினாலும் தகவல் போகாது என்பதைத்தான் அது காட்டுகிறது, கருந்துளை அப்படிக் கலக்குகிறதா என்பதை இல்லை.

மீண்டும் இரண்டாவது கேள்வி: எந்த வழியாக வெளியே வருகிறது? 2012இல் அகமது அல்மெய்ரி, டொனால்ட் மரோல்ஃப், ஜோசப் போல்சின்ஸ்கி, ஜேம்ஸ் சல்லி ஆகிய நால்வர் இந்தக் கேள்வியைக் கூர்தீட்டினார்கள். முதிர்ந்த கருந்துளையிலிருந்து இப்போது வெளிவரும் ஒரு துகள், பேஜ் சொன்னபடி பழைய கதிர்களோடு முழுமையாகப் பின்னியிருக்க வேண்டும். நிகழ்வெல்லை வெறும் வெளியாகத் தோன்ற வேண்டுமென்றால், அதே துகள் உள்ளே இருக்கும் கூட்டாளியோடும் முழுமையாகப் பின்னியிருக்க வேண்டும். குவாண்டம் விதிகளில் ஒரு துகள் இருவரோடு அப்படி முழுமையாகப் பின்ன முடியாது. உள்பின்னலை அறுத்தால், அறுத்த இடத்தில் ஆற்றல் கொதிக்கும். விழுபவர் எதையும் உணராமல் தாண்டுவதற்குப் பதில் நெருப்புச் சுவரில் மோதிச் சாம்பலாவார். தகவலைக் காப்பாற்ற ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலைப் பலிகொடுக்க வேண்டும் போலிருந்தது.

இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் சமீர் மாத்தூர் இதை ஒட்டிய ஒன்றை நிறுவியிருந்தார். கடிதம் எரியும்போது தகவல் புகையில் நுணுக்கமாகப் பரவுகிறதே, அதுபோல ஹாக்கிங் கதிர்களிலும் சின்னச் சின்னத் திருத்தங்கள் சேர்ந்து சேர்ந்து தகவலைக் காப்பாற்றிவிடாதா என்று பலர் நம்பியிருந்தார்கள். சின்னத் திருத்தங்கள் எத்தனை சேர்ந்தாலும் போதாது என்று காட்டினார் மாத்தூர். நிகழ்வெல்லையிலேயே பெரிய மாற்றம் வேண்டும். அவர் நம்புவது, நிகழ்வெல்லையும் உள்வெளியும் கிடையாது, இழைக் கோட்பாட்டின் இழைகள் அந்த அளவுக்குப் புடைத்து நிற்கும் பந்துதான் கருந்துளை என்று. அப்படியென்றால் அதுவும் எரியும் கடிதம்தான், புதிரே இல்லை.

2019 மே மாதத்தில் பேஜ் வளைவின் அந்தத் திருப்பம் கணக்கிலிருந்து வந்தேவிட்டது. ஜெஃப் பெனிங்டன் தனியாகவும், அல்மெய்ரி, நெட்டா எங்கல்ஹார்ட், மரோல்ஃப், ஹென்றி மேக்ஸ்ஃபீல்ட் ஆகியோர் சேர்ந்தும், கதிர்வீச்சின் என்ட்ரோபியை ஈர்ப்பையும் கணக்கில் சேர்த்து மதிப்பிட்டார்கள். அதற்கான விதிப்படி, சாத்தியமான பல பரப்புகளில் மிகக் குறைந்த விடை தருவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அது ஹாக்கிங்கின் விடையையே தருகிறது. ஆயுளின் நடுப்பகுதியைத் தாண்டியதும், கருந்துளையின் உட்புறத்தில் ஒரு பகுதி வெளியே இருக்கும் கதிர்வீச்சின் உடைமையாகக் கணக்கில் சேர்கிறது. ‘தீவு’ என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அது சேர்ந்த கணம் முதல் வளைவு இறங்குகிறது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டு குழுக்கள், ஹாக்கிங்கின் கணக்கு விட்டுவிட்ட சில வடிவங்கள், அதாவது கருந்துளைப் பிரதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் புழுத்துளைகள், இந்த விடையைத் தருகின்றன என்று காட்டின. ஹாக்கிங் அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சிலேயே காலமாகியிருந்தார்.

இதைப் பார்த்து நெகிழாதவர் கல்நெஞ்சர். இழைக் கோட்பாட்டை எங்கும் தொடாமல், 1970களில் கையிலிருந்த கருவிகளின் நீட்சியாகவே அந்த வளைவு வந்தது. ஆனாலும் முதல் கேள்விக்குத்தான் இது வலுவான பதில். கதிர்வீச்சின் என்ட்ரோபி எவ்வளவு என்று கணக்கு சொல்கிறது. கதிர்வீச்சின் நிலை என்ன என்று சொல்லவில்லை. இந்த நாட்குறிப்பை எறிந்தால் இந்தக் கதிர்கள், அந்த நாட்குறிப்பை எறிந்தால் அந்தக் கதிர்கள் என்று எழுதிக்காட்ட இன்று எவராலும் முடியாது. பெரும்பாலான கணக்குகள் இரண்டு பரிமாணங்கள் கொண்ட எளிய மாதிரிகளிலோ மால்டசேனாவின் வகை அண்டத்திலோ செய்தவை. கதிர்வீச்சைச் சேகரிக்கும் இடத்தில் ஈர்ப்பை அணைத்துவைத்திருக்கிறார்கள்.

அந்தக் கடைசி விஷயத்தில்தான் பெங்களூரில் இருக்கும் சுவ்ரத் ராஜு கைவைக்கிறார். ஈர்ப்பை எங்கும் அணைக்க முடியாது என்பது அவர் வாதம். எதை எங்கே மறைத்து வைத்தாலும் அதன் எடையை வெகு தொலைவிலிருந்தே அறியலாம். ஈர்ப்பின் புலம் வெளியே நீண்டிருக்கிறது. குவாண்டம் ஈர்ப்பில் இது எடையோடு நிற்பதில்லை, உள்ளே உள்ளதன் முழு விவரமும் வெளியே, எல்லையில் பதிந்திருக்கிறது என்று அவரும் சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் அலோக் லத்தா உள்ளிட்டோரும் சமதள வெளிக்கு எழுதிய கட்டுரையில் வாதிட்டார்கள். அவர்கள் சொல்வது சரியென்றால் தகவல் வெளியே வரவேண்டிய தேவையே இல்லை. ஒருபோதும் உள்ளே மட்டும் இருந்ததில்லை. ஹாக்கிங்கின் கேள்வி தொடங்கிய அனுமானமே, உள் வேறு வெளி வேறு என்ற அனுமானமே, தவறாகிவிடுகிறது. எனக்கு இந்தத் திசைதான் அதிகம் பிடித்திருக்கிறது. மற்ற விடைகள் எல்லாம் ஒரு கதவைத் தேடும்போது இது சுவர் இருக்கிறதா என்று கேட்கிறது. மறுகோடியில் வில்லியம் அன்ரூவும் ராபர்ட் வால்டும், தகவல் அழிந்தால்தான் என்ன, அதனால் இயற்பியல் குடிமுழுகிவிடாது என்று பிடிவாதமாக வாதாடியிருக்கிறார்கள். அவர்களுடைய வாதத்தைச் சோதனையால் மறுத்துவிட்டதாக எவரும் மார்தட்ட முடியாது.

சோதனைக்கு இடமே இல்லையா? ஒரே ஒரு வாய்ப்பு உண்டு. அண்டம் பிறந்த புதிதில் மிகச் சிறிய கருந்துளைகள் உண்டாகியிருக்கலாம் என்று 1970களிலேயே யோசித்திருக்கிறார்கள். அப்போது சுமார் 50 கோடி டன் நிறையோடு பிறந்த ஒன்றுக்கு அளவு ஒரு புரோட்டான். ஆயுள், அண்டத்தின் இன்றைய வயது. அப்படியானால் அது இந்தக் காலத்தில்தான், காமாக் கதிர்கள் வெடித்துச் சிதற, முடிவுக்கு வர வேண்டும். விண்ணிலிருந்து ஃபெர்மியும் தரையிலிருந்து வேறு பல காமாக் கதிர்த் தொலைநோக்கிகளும் இதைத் தேடியிருக்கின்றன. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை. நாளைக்கே சிக்கினால் ஹாக்கிங் கதிர்வீச்சு உண்டென்பது கண்ணெதிரே உறுதியாகிவிடும். அதில் தகவல் இருந்ததா என்று சொல்ல மட்டும், அந்தக் கருந்துளை பிறந்த நாள் முதல் 1,380 கோடி ஆண்டுகளாக வெளியிட்ட துகள்களை யாராவது ஒன்றுவிடாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும்.